முதல் தெரிவும் கடைக்கோடி வயலும்

ஒரு வினையைச் செய்து முடித்தற்கு உரியவன் யார் என்று கண்டறிதல், அவ்வினையைச் செய்து முடித்தலினும் அரிது. வள்ளுவர் இதனை நன்குணர்ந்தவர். அதனாலன்றோ பொருட்பாலில் ‘தெரிந்து தெளிதல்’ என்றும் ‘தெரிந்து வினையாடல்’ என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், அவ்வூர்ச் சபையார் தம் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. நிலம், வயது, கல்வி, ஒழுக்கம் என்னும் தகுதிகளை முதலில் வகுத்தனர். பின்னர்த் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். பாதி தகுதி, பாதி நல்லூழ் என்று அமைந்த முறை அது.

இக்காலத்தில் தெரிவு என்னும் இக்கலை பெரும்பொருள் செலவிட்டு ஆராயப்படும் இடங்களுள் ஒன்று விளையாட்டரங்கு. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளையொருவனைப் பார்த்து, ‘இவன் இன்னும் பத்தாண்டில் என்னவாவான்?’ என்று கணிப்பதற்கென்றே ஊர் ஊராகத் திரிவோர் உளர். அவர்கள் கணிப்பு எத்துணை தூரம் பலித்தது, எங்கே பொய்த்தது என்பதை ஆராய்வது விளையாட்டை விரும்புவோருக்கு மட்டுமன்றி, பிள்ளைகளை வளர்ப்போர் யாவர்க்கும் பயனுடையது. வன்னிப் பெருநிலத்துப் பெற்றோருக்கும் ஆசிரியர்க்கும் அது சிறப்பாகப் பயன்படும்.

இத்தெரிவு முறை ஒழுங்காக வளர்ந்த இடம் அமெரிக்கா. அந்நாட்டவரின் தேசிய விளையாட்டுப் போல விளங்கும் பேஸ்போல், இலங்கையர்க்கு முற்றிலும் அந்நியமானதன்று. நம் பாடசாலை மைதானங்களில் ஆடப்படும் எல்லே ஆட்டத்தை அறிந்த நேயர்கள் அதனை எளிதில் விளங்கிக் கொள்வர். எறியப்படும் பந்தை மட்டையால் ஓங்கி அடித்துவிட்டு, குறித்த நிலைகளைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். எல்லேக்கும் பேஸ்போலுக்கும் விதிகள் பல வேறுபடினும் உயிர்நாடி இதுவே. வேறுபாடு பணத்தில் இருக்கிறது. எல்லே பாடசாலையோடும் ஊரோடும் நின்றுவிட, பேஸ்போல் கோடிக்கணக்கான டொலர் புரளும் தொழிலாகிவிட்டது.

1965ஆம் ஆண்டுக்கு முன்னர், பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் ஊதியமின்றி ஆடும் இளைஞரை எந்த அணியும் நேரே அணுகி ஒப்பந்தம் செய்யலாம் என்ற நிலை இருந்தது. ஆகவே பணம் மிகுந்த அணிக்கே நல்ல வீரன் கிடைத்தான். 1964இல் ரிக் ரைக்கார்ட் என்னும் கல்லூரி இளைஞரை லொஸ் ஏஞ்சல்ஸ் அணியொன்று 2 இலட்சத்து 5 ஆயிரம் டொலர் கொடுத்து வாங்கியது. அந்நாளில் இத்தொகை பலரையும் திகைக்க வைத்தது. இவ்வாறு போனால் செல்வமுடைய அணிகள் மட்டுமே வாழும், ஏனையவை மாளும் என்ற அச்சம் எழுந்தது. அதன் பயனாக 1965 ஜூன் மாதத்தில் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. அணிகள் யாவும் ஓரிடத்தில் கூடி, ஒன்றன்பின் ஒன்றாக இளைஞரின் பெயர்களைச் சொல்லித் தெரிந்தெடுக்க வேண்டும். ஓர் அணி தெரிந்துகொண்டவனோடு வேறோர் அணி பேரம் பேசலாகாது. அந்த முதல் தெரிவில் முதற் பெயராக ஒலித்தது கன்சாஸ் சிற்றி அணி அழைத்த ரிக் மண்டே என்பவரின் பெயர்.

இம்முறையின் நுட்பம் வரிசையில் இருக்கிறது. முந்திய ஆண்டில் தோல்வி மிகுந்த அணியே முன்னதாகத் தெரிந்தெடுக்கும். வெற்றி பெற்ற அணி பின்னே நிற்கும். வாய்க்கால் வரம்புகளில் வளர்ந்த கிளிநொச்சி உழவனுக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. இரணைமடுக் குளத்தின் துருசு திறந்தால் தலைவாய்க்கால் வயலே முதலில் நனையும். கடைக்கோடி வயலுடையவன் தன் முறை வருமளவும் வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்த்திருப்பான். சிறுபோகத்தில் நீர் குறைந்துவிட்டால் அவன் பாடு பெரும்பாடு. அமெரிக்கர் செய்தது யாதெனில், கடைக்கோடி வயலுக்கு முதலில் நீர் விடும் ஒழுங்கொன்றை வகுத்ததாகும். பின்னாளில், முதலிடம் பெறும் பொருட்டே சில அணிகள் வேண்டுமென்று தோற்கக்கூடும் என்ற ஐயத்தால், 2023ஆம் ஆண்டுத் தெரிவு முதல் முன்வரிசை இடங்களுக்குச் சீட்டுக் குலுக்கும் வழக்கமும் வந்து சேர்ந்தது. உத்தரமேரூர்க் குடம் வேறோர் உருவில் அமெரிக்காவுக்குப் போயிற்று எனலாம்.

இம்முறை ஓர் அணியின் வாழ்வில் எவ்வாறு இயங்கியது என்பதற்கு நியூயோர்க் யாங்கீஸ் அணியின் வரலாறு தக்க சான்று. 1962ஆம் ஆண்டு முடிவில் இருபது முறை உலகக் கிண்ணத் தொடரை வென்றிருந்த அணி அது. பணத்துக்கும் புகழுக்கும் குறைவில்லை. ஆயினும் 1966இல் அது தன் சங்கத்துப் பத்து அணிகளுள்ளும் கடைசி இடத்துக்கு வீழ்ந்தது. அதனால் 1967இல் முதற் சுற்றின் முதல் தெரிவு அதற்குக் கிடைத்தது. அது தெரிந்தெடுத்தவர் றொன் புளும்பேர்க். நல்ல அடிகாரர்; காயங்களால் நெடுங்காலம் நிலைக்க முடியவில்லை. மறு ஆண்டு நான்காம் இடத்தில் தேர்மன் மன்சன் என்பவரைத் தெரிந்தது. அவரே பின்னாளில் அணித்தலைவராகி, 1977இலும் 1978இலும் வெற்றி பெற்ற அணிக்கு முதுகெலும்பாக விளங்கினார். 1979இல் விமான விபத்தில் இளவயதிலேயே மாண்டார். முதலிடத்துத் தெரிவைவிட நான்காம் இடத்துத் தெரிவு அணிக்கு மிகுந்த பயன் தந்தது.

1990இல் மீண்டும் அவ்வணி தாழ்ந்தது. 1991இல் முதல் தெரிவு மீண்டும் அதற்கு வாய்த்தது. வட கரோலினாவைச் சேர்ந்த பிரையன் டெய்லர் என்னும் பந்தெறியும் இளைஞரை 15 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்து எடுத்தனர். இத்தகைய கையைக் கண்டதில்லை என்று தேர்ந்தோர் வியந்தனர். ஆனால் 1993 டிசம்பரில் நேர்ந்த கைகலப்பொன்றில் அவர் தோள் கடுங்காயமுற்றது. அந்தத் தோள் பழைய நிலைக்கு மீளவேயில்லை. முதலிடத்தில் தெரிவான அவர், பெருஞ்சங்க அரங்கில் ஓர் ஆட்டமேனும் ஆடாமலே ஓய்வு பெற்றார்.

அடுத்த ஆண்டு, 1992இல், யாங்கீஸ் அணிக்கு ஆறாம் இடமே கிடைத்தது. அவ்விடத்தில் டெரெக் ஜீற்றர் என்னும் மிச்சிகன் மாநிலப் பாடசாலை மாணவரை எடுத்தனர். அவருக்கு முன் ஐந்து அணிகள் வேறு ஐவரைத் தெரிந்தன. அவற்றுள் முதலிடம் பெற்றிருந்த ஹியூஸ்ரன் அணிக்கு ஆள் தேடும் பணி செய்த முதுபெரும் வீரர் ஹல் நியூஹவுசர், ‘இப்பிள்ளையையே எடுங்கள்’ என்று வலியுறுத்தினார். அவர் சொல் ஏறவில்லை. மனம் நொந்து அவர் அப்பணியையே விட்டு விலகினார். ஜீற்றரோ இருபது பருவங்கள் ஆடி, ஐந்து உலகக் கிண்ண வெற்றிகளில் பங்கு கொண்டார். ஐந்து அணிகள் காணாததை ஒரு கிழவரின் கண் கண்டது. அக்கண்ணுக்கு உரிய மதிப்பை அவருடைய அணி கொடுக்கவில்லை.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றுண்டு. யாங்கீஸ் அணி 1990களின் இறுதியில் அடைந்த பெருவெற்றிகளுக்குத் தூணாக நின்றோருள் அன்டி பெற்றிற் என்பவர் 1990ஆம் ஆண்டுத் தெரிவின் இருபத்திரண்டாம் சுற்றிலும், ஜோர்ஜ் பொசாடா இருபத்து நான்காம் சுற்றிலும் எடுக்கப்பட்டவர்கள். அத்துணைச் சுற்றுகளிலும் அணிகள் யாவும் அவர்களைத் தாண்டிச் சென்றிருந்தன. இவ்விருவரோடு நின்ற மரியானோ ரிவேராவின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. அவர் பனாமா நாட்டில், புவேர்ட்டோ கைமிற்றோ என்னும் மீன்பிடிக் கிராமத்தில் வளர்ந்தவர். தந்தையாரோடு படகில் கடலுக்குப் போய் வலையிழுத்தவர். சிறுவயதில் கையுறை வாங்க வசதியின்றிப் பால் அடைக்கும் அட்டைப்பெட்டியை மடித்துக் கையுறையாகக் கொண்டவர். அமெரிக்கத் தெரிவு முறை பனாமாவுக்குச் செல்லாது. உள்ளூர் அணியொன்றில் பந்தெறிவார் சோர்ந்த நாளில், வேறிடத்தில் நின்று ஆடிவந்த ரிவேரா தாமாக முன்வந்து பந்தெறிந்தார். அதனைக் கண்ட தோழர்கள் ஆள் தேடுவோருக்குச் செய்தி அனுப்பினர். 1990இல் சுமார் மூவாயிரம் டொலருக்கு அவர் ஒப்பந்தமானார். டெய்லருக்குக் கொடுத்த தொகையோடு ஒப்பிட்டால் அது ஐந்நூற்றில் ஒரு பங்கு. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் வந்து வெற்றியைக் காத்துக் கொடுக்கும் பணியில் 652 முறை வெற்றி கண்டு, அவ்விளையாட்டின் வரலாற்றில் முதலிடம் பெற்றவர் அவரே. 2019இல் அமெரிக்கப் பேஸ்போல் புகழ்மண்டபத்துக்கு வாக்களித்தோர் ஒருவரேனும் மறுக்காமல் தெரிவு செய்த முதல் வீரரும் அவரே.

முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் இவ்வரலாற்றை ஒருமுறைக்கு இருமுறை கேட்க வேண்டும். அப்பிள்ளைகளுக்கு முன், அவர்களுக்குக் கற்பிப்போர் கேட்க வேண்டும்.

அமெரிக்க வழக்கம் நம் அண்டை நாட்டுக்கும் வந்தது. 2008ஆம் ஆண்டில் இந்தியன் பிறீமியர் லீக் தொடங்கியபோது, பெயர்பெற்ற வீரர்களை அணிகள் ஏலத்தில் எடுத்தன. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் கோலாலம்பூரில் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய இளைஞரை மட்டும் ஏலத்தில் விடாமல், அணிகள் முறைவைத்துத் தெரிந்தெடுத்தன. முதல் வாய்ப்புத் தில்லி அணிக்குக் கிடைத்தது. அவ்விளைஞர் அணியின் தலைவர் தில்லியைச் சேர்ந்தவரே. ஆயினும் துடுப்பாட்டக்காரர் தம்மிடம் போதிய அளவில் உளர், பந்துவீச்சாளரே தேவை என்று கருதிய தில்லி, பிரதீப் சங்வான் என்னும் இடக்கை வேகப்பந்து வீச்சாளரைத் தெரிந்தது. விடப்பட்ட தலைவரைப் பெங்களூர் அணி எடுத்துக் கொண்டது. அவர் விராட் கோலி. 2008 முதல் 2025 வரை பதினெட்டுப் பருவங்கள் அவர் அவ்வணியிலேயே ஆடினார். தில்லியின் தெரிவு அன்றைய தேவையை நோக்கியது. பெங்களூர் கையில் வந்ததோ வருங்காலம். வீட்டு முற்றத்து மரத்தை மருந்துக்கு உதவாதென்று தள்ளியதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். லங்கா பிறீமியர் லீக் 2020ஆம் ஆண்டில் தொடங்கியது. ஐந்து அணிகள் பங்கு கொண்டன. வடபுலத்தின் பெயரைத் தாங்கிய அணி யாழ்ப்பாணம் ஸ்ராலியன்ஸ். அவ்வாண்டு ஒக்டோபரில், நோய்த்தொற்றுக் காலமாதலின், இணையவழியே வீரர் தெரிவு நடைபெற்றது. திசர பெரேரா அணித்தலைவரானார். வனிந்து ஹசரங்க, தனஞ்சய டி சில்வா, அவிஷ்க பெர்னாண்டோ, பாகிஸ்தானின் சொஹைப் மலிக் முதலானோர் அணியில் இடம்பெற்றனர். வடபுலத்து இளைஞர் சிலரும் சேர்த்துக் கொள்ளப்பட்டனர். பார்வையாளர் எவருமில்லாத அம்பாந்தோட்டை மைதானத்தில் அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் நடைபெற்ற இறுதிப் போட்டியில், யாழ்ப்பாண அணி காலி அணியை 53 ஓட்டங்களால் வென்று முதற் கிண்ணத்தைக் கைக்கொண்டது. ஹசரங்க 17 விக்கெட்டுகளை வீழ்த்தித் தொடரின் நாயகனானார்.

அத்தொடரில், டிசம்பர் 4ஆம் நாள், கொழும்பு அணிக்கெதிராக ஒரு புதிய இளைஞர் களமிறங்கினார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான விஜயகாந்த் வியாஸ்காந்த் அவர். மறுநாள் அவருக்குப் பத்தொன்பது வயது நிறைய இருந்தது. மணிக்கட்டைச் சுழற்றி வீசும் பந்துவீச்சில் வல்லவர். அன்று அவர் வீழ்த்திய முதல் விக்கெட், இலங்கை அணியின் முன்னாள் தலைவர் அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட். வீரர் பட்டியலில் அவர் பெயர் இருந்தது முன்வரிசையிலன்று. பெரும் பெயர்களெல்லாம் முடிந்த பின்னரே. ஆயினும் பின்வந்த ஆண்டுகள் அவருக்கு வழி திறந்தன. 2023 ஒக்டோபரில் சீனாவின் ஹாங்சூ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கை அணிக்காக ஆடினார். 2024 மே மாதத்தில், காயமுற்ற ஹசரங்கவுக்குப் பதிலாக, ஹைதராபாத் அணிக்காக இந்தியன் பிறீமியர் லீக்கில் களமிறங்கினார். பட்டியலின் அடியிலிருந்து ஒருவர் நாட்டு அணிவரை வந்த கதை இது.

2021இல் அணியின் உரிமை லைக்கா நிறுவனத்துக்கு மாறியது. பெயரும் யாழ்ப்பாணம் கிங்ஸ் என்றாயிற்று. அந்நிறுவனத்தின் தலைவர் அல்லிராஜா சுபாஸ்கரன் முல்லைத்தீவில் பிறந்தவர். அவ்வாண்டும் காலி அணியை இறுதியில் 23 ஓட்டங்களால் வென்றது அணி. 2022இல் கொழும்பு அணியை இரண்டு விக்கெட்டுகளால் வென்று மூன்றாம் முறையும் கிண்ணம் பெற்றது. 2023இல் தெரிவு முறை கைவிடப்பட்டு, இலங்கையில் முதன்முறையாக வீரர் ஏலம் நடைபெற்றது. அந்த ஏலத்தின் மிகவுயர்ந்த விலையான 92 ஆயிரம் டொலரை யாழ்ப்பாண அணியே கொடுத்து, தில்ஷான் மதுஷங்க என்னும் வேகப்பந்து வீச்சாளரை எடுத்தது. அவர் திறமையில் குறைவில்லை. அவ்வாண்டு உலகக் கிண்ணப் போட்டியில் 21 விக்கெட்டுகளை வீழ்த்திக் காட்டினார். எனினும் ஐந்து தொடர்களுள் யாழ்ப்பாண அணி இறுதிப் போட்டிக்கு வராத தொடர் அது ஒன்றே. 2024 ஜூலையில், சரித் அசலங்கவின் தலைமையில், காலி அணியை ஒன்பது விக்கெட்டுகளால் வென்று நான்காவது கிண்ணத்தை மீட்டது. மிகுந்த விலை கொடுத்த ஆண்டில் கிண்ணம் வராமையும், ஏனைய ஆண்டுகளில் வந்தமையும், ஏலத் தொகையும் வெற்றியும் ஒன்றல்ல என்பதை உணர்த்தும்.

இத்துணைப் புகழ் பெற்ற இவ்வணி, 2020 முதல் 2024 வரை நடைபெற்ற ஐந்து தொடர்களிலும் ஓர் ஆட்டத்தையேனும் வட மாகாணத்தில் ஆடவில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, கண்டிப் பல்லேகலை, தம்புள்ளை ஆகிய இடங்களிலேயே ஆட்டங்கள் நடந்தன. வடக்கில் அதற்குரிய மைதானம் இல்லாமையே காரணம். 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அது எழுந்து நிற்கும் நாள் வடபுலத்துக்கு நன்னாளாகும்.

ஆனால் வன்னியின் நிலை யாழ்ப்பாணத்தின் நிலையினும் வேறானது. யாழ்ப்பாணத்தில் நூற்றாண்டு கடந்த துடுப்பாட்டப் பாரம்பரியம் உண்டு. மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையிலான ‘வடக்கின் பெரும்போர்’ 1904இல் தொடங்கியது. பழைய மாணவர், பயிற்சியாளர், பழகிய மைதானம், ஆண்டுதோறும் கூடும் கூட்டம் என்று ஒரு பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கப் பல கைகள் அங்கு உண்டு. வியாஸ்காந்த் அத்தகைய மரபின் விளைவு. வன்னியிலோ பாடசாலைகள் பல காட்டிடையே பரந்து கிடக்கின்றன. முல்லைத்தீவு 1970களின் இறுதியிலும் கிளிநொச்சி 1984இலும்தான் தனி மாவட்டங்களாயின. போரில் அழிந்தவை கட்டடங்கள் மட்டுமல்ல. பல பாடசாலைகளின் ஆட்டப் பதிவேடுகளும், பரம்பரையாக ஆட்டம் கற்பித்த மனிதரும் இல்லாதொழிந்தனர். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபோது முகாம்களுக்குள் இருந்த மக்கள் தொகை ஏறத்தாழ மூன்று இலட்சம். அந்த ஆண்டில் முகாமின் கூடாரத்தில் பிறந்த பிள்ளை 2027இல் பதினெட்டு வயதை எட்டுகிறது. அமெரிக்காவாயின், தெரிவுப் பட்டியலில் பெயர் வரக்கூடிய வயது அது.

அப்பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆசை குறைவில்லை. மீள்குடியேறியோர் வீட்டுக்குக் கூரையிட்ட காலத்திலேயே பிள்ளைகள் வெறுந்தரையைத் துப்புரவாக்கி மைதானம் கண்டனர். அறுவடை முடிந்த வயலில், வரம்பு எல்லையாக, மென்பந்தில் துடுப்பாட்டம் ஆடாத வன்னிக் கிராமம் அரிது. கால்பந்தும் கரப்பந்தும் ஊர்க் கழகங்களின் உயிர்மூச்சு. எனினும் மென்பந்தில் ஆடுவதற்கும் கடினப்பந்தில் ஆடுவதற்கும் இடையே ஓர் ஆறு ஓடுகிறது. மென்பந்து சிறுவர் கைக்காசில் வாங்கத்தக்கது. கடினப்பந்துக்குக் காலுறை, கையுறை, தலைக்கவசம் வேண்டும். ஒழுங்கான ஆடுகளம் வேண்டும். தவறிப் பட்டால் மருந்திட ஆள் வேண்டும். பந்து எழும்பும் உயரமும் சுழலும் அளவும் முற்றிலும் வேறு. மென்பந்தில் ஊரையே அதிர வைக்கும் பிள்ளை, கடினப்பந்து ஆடுகளத்தைக் காணாமலே பத்தொன்பதைக் கடந்துவிட்டால், அவன் பெயர் எந்தத் தெரிவாளர் செவிக்கும் எட்டாது. கடைக்கோடி வயலுக்கு நீர் விட ஒழுங்கு வகுப்பினும், அவ்வயலுக்கு வாய்க்காலே வெட்டப்படவில்லை என்றால் ஒழுங்கினால் என்ன பயன்?

கல்வியில் வன்னி இத்தகைய ஒழுங்கொன்றை அறிந்திருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென வைக்கப்பட்ட ஒதுக்கீட்டில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அடங்கும். அம்முறையின் நியாயத்தைப் பற்றி நெடுங்காலம் வாதங்கள் நடந்துள்ளன. ஆயினும் பரீட்சை எழுதுவதற்கு ஒரு மண்டபமும், விடைத்தாளைத் திருத்துவதற்கு ஒரு கையும் வன்னிப் பிள்ளைக்கு உண்டு. விளையாட்டில் அந்தப் பரீட்சை மண்டபமே தொலைவில் இருக்கிறது. கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். பயிற்சித் தெரிவுக்கென்று ஒருநாள் போய்வர, கூலிவேலை செய்யும் தந்தை பல நாட் கூலியை எடுத்து வைக்க வேண்டும்.

திறமை பெருநகரில் மட்டும் பிறப்பதன்று என்பதற்கு இந்நாட்டிலேயே சான்றுகள் உண்டு. லசித் மாலிங்க காலிக்கு அண்மையில் ரத்கம என்னும் கடற்கரை ஊரில் மணலில் ஆடி வளர்ந்தவர். அவர் வீசும் முறை எந்த நூலிலும் இல்லாதது. முன்னாள் வேகப்பந்து வீச்சாளர் சம்பக ராமநாயக்க அவரைக் கண்டு, அம்முறையை மாற்றாமலே வளர்த்தார். முத்தையா முரளிதரன் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் முதலில் வேகப்பந்து வீசியவர். பதினான்காம் வயதளவில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ ‘சுழற்பந்து வீசிப் பார்’ என்று கூறிய ஒரு சொல், பின்னாளில் 800 டெஸ்ட் விக்கெட்டுகளாக விளைந்தது. இவ்விரு வரலாறுகளிலும் உண்மையான முதல் தெரிவு எந்த மண்டபத்திலும் நடைபெறவில்லை. ஒரு பாடசாலை மைதானத்தின் ஓரத்தில் நின்ற ஒருவரின் கண்ணில் நடைபெற்றது.

இதனை உணர்ந்தமையாற் போலும், அந்த முரளிதரன் பெயரிலேயே 2012ஆம் ஆண்டில் முரளி கிண்ணப் போட்டிகள் வடபுலத்தில் தொடங்கப்பட்டன. நாட்டின் பல பாகத்துப் பாடசாலை அணிகள் யாழ்ப்பாணத்துக்கும், வன்னியில் கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான் முதலிய இடங்களுக்கும் வந்து ஆடின. ஒட்டுசுட்டான் போன்ற ஊரில், தெற்கிலிருந்து வந்த பிள்ளைகளோடு வன்னிப் பிள்ளை கடினப்பந்தில் மோதிப் பார்த்தது சிறிய செய்தியன்று. தான் எங்கே நிற்கிறான் என்பதை ஒரு பிள்ளை அளந்து கொள்வதற்கு, தன்னினும் வல்லவனோடு ஆடுவதைவிட வேறு அளவுகோல் இல்லை.

இனிச் செய்யத்தக்கவை யாவை? அவை பெருஞ்செலவுக்கு உரியனவல்ல. வலயத்துக்கு ஒன்றிரண்டு பாடசாலைகளிலேனும் விரிப்பிட்ட கடினப்பந்து ஆடுகளம் அமைதல் முதலாவது. ஆட்டம் கற்பிக்க முறையாகப் பயின்ற ஆசிரியர் ஒருவர் அங்கு நிலைத்திருத்தல் இரண்டாவது. ஆட்டங்கள் யாவற்றுக்கும் ஓட்டப் பதிவேடு எழுதி வைத்தல் மூன்றாவது. இம்மூன்றாவது அற்பமாகத் தோன்றலாம். ஆயின் தொலைவிலுள்ள தெரிவாளர் முதலில் கேட்பது, ‘எத்தனை ஆட்டத்தில் எத்தனை விக்கெட்?’ என்பதையே. பதிவு இல்லாத பிள்ளைக்கு விடையும் இல்லை. ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் கொண்டு எண்ணி எழுதக் கற்ற மாணவன் ஒருவன், தன் தோழன் ஒருவனின் வாழ்வுக்கு வழி திறக்கக் கூடும். பெண்பிள்ளைகளின் ஆட்டங்களுக்கும் இப்பதிவு வேண்டும். அவர்களைக் காணும் கண் இன்னும் குறைவு.

பெற்றோருக்கும் ஒரு சொல் உண்டு. முதலிடத்தில் தெரிவான டெய்லர் ஆட்டமின்றி ஓய்ந்தார். இருபத்து நான்காம் சுற்றில் வந்த பொசாடா பல்லாண்டு ஆடினார். ஆகவே பதினாறு வயதில் ஒரு பட்டியலில் பெயர் வராமையைப் பிள்ளையின் முடிவாகக் கொள்ளல் பிழை. அவ்வாறே, பெயர் வந்தமையை வாழ்க்கையின் பயனாகக் கொண்டு படிப்பைக் கைவிடச் செய்தலும் பிழை. தோள் ஒரு நாளில் முறியும். படிப்பு அவ்வாறு முறியாது. விளையாட்டும் கல்வியும் ஒரு வண்டியின் இரு மாடுகளாகச் செல்ல வேண்டுவன.

பெரும் அணிகளின் தெரிவு மண்டபத்தில் அழைக்கப்படும் பெயர்கள் யாவும், அதற்குப் பல்லாண்டு முன்னர் எங்கோ ஒரு மைதானத்தில் ஒருவரால் அழைக்கப்பட்ட பெயர்களே. முள்ளியவளையிலோ பரந்தனிலோ நெடுங்கேணியிலோ, பாடசாலை விட்ட பின்னர், வெயில் தாழும் வேளையில், ஓர் ஆசிரியர் மைதான ஓரத்தில் நின்று, ‘தம்பி, அந்தப் பந்தை இன்னொருமுறை போடு பார்ப்போம்’ என்று கூறுவாராயின், அவர் வன்னியின் முதல் தெரிவாளராவார். அவருக்கு வேண்டிய ஆடுகளத்தையும் பந்தையும் பதிவேட்டையும் ஊரும் அரசும் கொடுத்தால், கடைக்கோடி வயலுக்கும் நீர் வந்து சேரும்.